அக்டுங்குங்க, அம்மணி!

சத்தியமாச் சொல்றனுங்க. இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா, என்ற கடைல தொங்கற டியூப்பு அத்தனையும் ஒண்ணா வெடிச்சு, கம்ப்ரசர் காத்து காதுவழியாப் பூந்து, நான் பலூனாட்டம் சிங்காநல்லூர் கொளத்துக்கு மேல பறக்கோணும். போதுமுங்களா? பத்தாதுன்னா ஊட்டுக்காரி தலைல அடிச்சும் சத்தியம் பண்றேன். ஆனா அவ தலைல கை வெக்கறக்கு அவகிட்டயே உத்தரவு வாங்கோணும். அந்த அநியாயத்தைத்தான் சொல்ல வந்தேன்.

பேரு பாலுசாமி. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல பஞ்சர் கடை. படிப்பு அஞ்சாங்கிளாசு. நான் ஆறுக்குப் போறேன்னுதான் சொன்னேன், ஆறுதான் என்னைய வேண்டாம்னுபோட்டுது. படிக்காத மிச்சமெல்லாம் வாயில வந்து சேந்துக்கிச்சு.

கடைக்கு இங்கிலீஷ்ல ஒரு போர்டு இருந்தா கெத்தா இருக்கும்னு பெயிண்டர் சகாயத்துகிட்டச் சொன்னேன். அவன் என்னையவிடப் பெரிய படிப்பு. ஆறாங்கிளாசு. 'பஞ்சர்'னு எழுதுடான்னா, பி, ஏ, என், அப்பறம் மடக்குன கம்பியாட்டம் ஒண்ணு, அப்பறம் ஈ, ஆர். செகப்புல எழுதி, கறுப்புல நெழலு வேற.

"ஏன்டா சகாயம், நடுவுல இது என்னடா கோணலா?"

"இஸட்டுங்கண்ணா. இருக்கறதுலயே கடைசி எழுத்து. யாருமே எடுக்க மாட்டாங்க. உங்களுக்காகத் தேடி எடுத்துப் போட்டிருக்கேன்."

அந்த இஸட்டுதானுங்க எனக்கு எமன்.

பக்கத்து மில்லுல நூல் மிசினு மாட்டறக்கு ஜெர்மனிலிருந்து ஒருத்தன் வந்திருந்தான். பேரு டீட்டர். ஆளு கரண்டுக் கம்பம் ஒசரம், வெய்யில்ல நின்னு நின்னு தக்காளி நெறம். வந்து ஏழெட்டு மாசத்துல மில்லுக்காரங்ககிட்டப் பேசிப் பேசித் தமிழும் பாதி புடிச்சுக்கிட்டான். பழைய மோட்டார் சைக்கிள் ஒண்ணு வாங்கி ஓட்டிட்டிருந்தான். ஒரு நா பொழுதோட இந்தப் பக்கம் வந்தவன் என்ற போர்டைப் பாத்தான். பிரேக்கு அடிச்சான். எறங்குனான். அங்கிருக்கற வேப்பமரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான் பாருங்க, மரத்துல இருந்த காக்கா அத்தனையும் பறந்து போச்சு.

"பன்ஸர்! பன்ஸர்!"

"ஆமாங்க, பஞ்சர்தானுங்க. முன் வீலா, பின் வீலா?"

அப்பறந்தான் வெவரம் சொன்னான். அவங்க பாஷைல அந்த எழுத்துக்கு அர்த்தம் டாங்கியாமுங்க! பட்டாளத்து டாங்கி! அவங்க ஊர்ல வயசுப் பசங்க கொஞ்ச நாளு பட்டாளத்துல இருந்தே ஆகோணுமாம். இவன் இருந்தது டாங்கிப் படைல. "டாங்கிக்கு ஒட்டுப் போடறது உலகத்துல நீ ஒரு ஆளு!"ன்னு என்ற முதுகுல ஒரு தட்டுத் தட்டுனான். கும்பிட்டு விழுந்தாப்புல ஆயிட்டேன். அன்னிக்கே எனக்கு ஒரு பட்டமும் குடுத்தான். "பன்ஸர்ஷூட்ஸெ பாலுசாமி!"

கேக்கறக்கே எப்படி இருக்குது பாருங்க! கலெக்டருக்குக்கூட இவ்வளவு நீளமாப் பட்டம் இல்லீங்க. கண்டவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். சகாயத்தைக் கூப்புட்டு போர்டுல என்ற பேருக்கு முன்னாடி அதையும் எழுதச் சொன்னேன். எடம் பத்தாம 'பன்ஸர்ஷூ'வோட நிறுத்திட்டான். பாதிப் பேரு செருப்புக்கடைன்னு நெனச்சு வந்துட்டுப் போனாங்க.

அதுலிருந்து டீட்டர் தெனமும் வருவான். பக்கத்துல பீர் முகம்மது பாய் டீக்கடை. மூணு பேரும் ஒக்காந்தா பட்டாளத்துப் பாடந்தான். மொதப் பாடம் 'அக்டுங்'. கவனம்னு அர்த்தம். அப்பறம் 'ஸ்டெல்லுங்'. சிப்பாய் புடிச்சு நிக்கற எடம். அப்பறம் 'மெல்டுங்'. மேலதிகாரிகிட்ட வந்து தகவல் சொல்றது. அப்பறம் 'டெக்குங்'. குண்டு வருது, பதுங்குன்னு அர்த்தம்.

எனக்குப் பொறி தட்டுச்சு.

"பாய், கவனிச்சீங்களா? அக்டுங், ஸ்டெல்லுங், மெல்டுங், டெக்குங். அத்தனையும் 'ங்'குலதான் முடியுது! சொல்லுங்க, மெல்லுங்க, வாங்க, போங்க. இது நம்ம கோயமுத்தூரு பாஷைங்க! கடைசி 'க'வை மட்டும் அந்தக் குளுருக்கு முழுங்கிப் போட்டாங்க."

பாய் டீயை ஆத்திக்கிட்டே கேட்டாரு: "அப்ப சுடறப்பக்கூட 'சுடுங்க'ன்னு மரியாதையாத்தான் சொல்வாங்களா?"

"பின்ன? அதனாலதான பாய் ரெண்டு உலகச் சண்டையிலயும் தோத்துப் போனாங்க!"

டீட்டருக்கு இதைச் சொன்னதும் மறுபடி வேப்பமரத்துக்குப் போயிட்டான்.

இப்ப என்ற ஊட்டுக்கு வாங்க. நெசமா வந்துராதீங்க, ஒக்கார எடமில்லை. ஏன் எடமில்லைங்கறதுதான் கதையே.

ஊடுன்னா முன் ரூம்பு ஒண்ணு, சமையக்கட்டு ஒண்ணு, பின்னாடி பொடக்காளில தண்ணித்தொட்டி ஒண்ணு. அந்த முன் ரூம்புதானுங்க என்ற உசுரு. அங்க என்ற கயித்துக்கட்டுலு. அதுக்கு நேர் மேல ஊட்டுக்கே ஒரே ஃபேனு. மத்தியானம் சோத்தைத் தின்னுபோட்டு அதுல சாஞ்சன்னா, டவுன்பஸ்ஸு ஊட்டுக்குள்ளயே வந்தாலும் எந்திரிக்க மாட்டேன். நாள் பூரா அடுத்தவன் டயருக்குக் காத்தடிக்கறவன், தனக்குன்னு கொஞ்சம் காத்து வாங்கற எடம் அது ஒண்ணுதான்.

ஊட்டுக்காரி பேரு சாந்தாமணி. பத்தாவது பாஸு. அவளுக்குக் கோவம் வந்தா மத்த பொம்பளைங்களாட்டம் மரியாதை கொறையாதுங்க, எச்சாகும். 'ஏனுங்க'ன்னா சும்மா கூப்படறான்னு அர்த்தம். 'ஏனுங்க மாமா'ன்னா வேலை வெக்கறான்னு அர்த்தம். 'சொல்லுங்க சாமி'ன்னா செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டு ஓடிப் போயிரோணும்.

ஆடி பொறந்து ஒரு வாரம் இருக்குமுங்க. சோத்தைப் போட்டுக்கிட்டே சொன்னா:

"ஏனுங்க மாமா, லைனு இழுக்க ஆளு வாராங்களாம். முன் ரூம்புல எஸ்.டி.டி. பூத்து வெக்கறமுங்க."

"யாரு வெக்கறம்?"

"நானுங்க."

"நீயின்னா 'வெக்கறேன்'னு சொல்லு. அந்த 'ம்' எதுக்கு?"

"'ம்'முன்னு ஒத்துக்கறக்கு நீங்க இருக்கீங்களே."

"என்ற கட்டுலு?"

"பொடக்காளில வேப்பங்காத்து என்னமா வருது, தெரியுங்களா?"

"ஃபேனு?"

"போன் மிசினுக்குச் சூடு ஆகாதாமுங்க. அதுக்கு வேணும்."

"எனக்கு மட்டும் சூடு ஆகுமா?"

"நீங்க மிசினுங்களா? மிசினுன்னா ஓடோணுமுங்களே."

அடுக்குமாங்க இது? உங்க ஊட்டுல நடக்குமாங்க? நடந்தா வெளிய சொல்ல மாட்டீங்க, அது வேற. என்ற கட்டுலு! என்ற ஃபேனு! வர்றவன் போறவனெல்லாம் என்ற தலைமாட்டுல நின்னுக்கிட்டு 'ஹலோ, கேக்குதா? ஹலோ, சத்தமாப் பேசு'ன்னு கத்துவான், நான் தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல கொசுவோட குடும்பம் நடத்தோணுமா? அப்பறம் மீசை எதுக்குங்க எனக்கு?

அன்னிக்குப் பொழுதோட டீட்டரைப் புடிச்சேன்.

"சார், உங்க பட்டாளத்துல எல்லாருக்கும் மேல யாருங்க?"

"ஜெனரல்."

"அவரைக் கண்டா நடுங்குவீங்களா?"

"இல்லை. ஜெனரல் எப்பவாவது வரும். கை குடுக்கும். போகும். நாங்க நடுங்கறது ஷ்பீஸ்."

"பீஸுங்களா? ஊட்டுல கரண்டுக்குப் போடறது?"

"ஷ்பீஸ்! பெரிய சார்ஜண்டு. யாருக்கு லீவு, யாருக்குச் சோறு, யாரு எந்த ரூம்பு, யாரு எங்க படுக்கறது, எல்லாம் ஷ்பீஸ் சொல்லும். கேப்டன்கூட அது பேச்சுக்கு மேல பேசாது."

"யாரு எங்க படுக்கறதுன்னு அவருதான் சொல்லுவாருங்களா?"

"யா."

எனக்குக் கண்ணே கலங்கிப் போச்சுங்க. உலகத்துல நாயம் இருக்குது. ஜெர்மனில இருக்குது.

"அவரை எப்படிக் கண்டுபுடிக்கறது?"

"தோள்ள மஞ்சக் கயிறு. வேற யாருக்கும் அது இல்லை. ஆனா சிப்பாய் எல்லாம் அதுக்கு இன்னொரு பேரு வெச்சிருக்குது. என்னன்னா..."

"பேரு கெடக்குதுங்க! எந்தத் தோளு? அதைச் சொல்லுங்க!"

"வலது. ஆனா அந்தப் பேரு..."

நான் கம்ப்ரசரைப் போட்டு உட்டுட்டேன். டடடடன்னு அது போட்ட சத்தத்துல அவன் வாய் மட்டும் அசையுது. பேரு காத்தோட போச்சு. அந்தப் பேரை மட்டும் அன்னிக்குக் காதுல வாங்கியிருந்தா, இன்னிக்கு நான் ஃபேனுக்கடில படுத்துட்டு உங்களுக்குக் கதை சொல்லிட்டிருப்பேன்.

போற வழில நல்ல மஞ்ச நைலான் கயிறா ஒண்ணு வாங்குனேன். வலது தோள்ள மாட்டிக்கிட்டேன். நெஞ்சை நிமித்துனேன். வாசப்படில நின்னு ஒரு சத்தம் போட்டேன்.

"அக்டுங்!"

"வாங்க"ன்னா சமையக்கட்டுலிருந்து.

"அக்டுங்ங்கறேன்!"

"கேட்டுதுங்க. கால் கழுவிட்டு வாங்க."

வந்து பாத்தா. மூஞ்சி அப்படியே மலந்து போச்சு. சரி, பயந்துட்டான்னு நெனச்சேன்.

"அட, கொடிக்கயிறு வாங்கியாந்துட்டீங்களா! எத்தனை நாளாச் சொல்லிட்டிருக்கேன்!" அப்படின்னு கையில இருந்த ஈரத்துண்டை என்ற தோள்லயே காயப்போட்டுட்டா.

"ஏ! இது கொடிக்கயிறு இல்லை. பட்டாளத்துக் கயிறு. இந்த ஊட்டுக்கு இனி நாந்தான் ஷ்பீஸு!"

"அப்படீன்னா என்னங்க?"

சொன்னேன். ஒண்ணு விடாமச் சொன்னேன். லீவு, சோறு, ரூம்பு, படுக்கை, கேப்டனே வாயை மூடிக்கறது, எல்லாத்தையும் சொன்னேன். அவ கன்னத்துல கை வெச்சுக்கிட்டு, பச்சப்புள்ளையாட்டம் கேட்டா. ஓரமா ஒரு லொள்ளுச் சிரிப்பு ஓடுச்சுங்க. எனக்கு அப்பத் தெரியலை.

"அப்ப மஞ்சக் கயிறு போட்டவங்க சொன்னா மறுபேச்சே இல்லீங்களா?"

"இல்லை!"

"யாரு எங்க படுக்கறதுன்னு சொன்னாலுமுங்களா?"

"அதுதான் முக்கியம்!"

"பாயண்ணா, நீங்களும் கேட்டுக்கங்க"ன்னு வாசலைப் பாத்துச் சொன்னா. திரும்பிப் பாத்தா, பீர் முகம்மது பாய் நிக்கறாரு. நான் கயிறோட நடந்த நடையைப் பாத்துட்டுக் கடையைப் போட்டுட்டுப் பின்னாடியே வந்திருக்காரு, மனுசன்.

"கேட்டேன் தங்கச்சி"ன்னாரு.

"அப்ப ஒண்ணு பண்ணலாமுங்க. ஆடி பதினெட்டு இந்தத் தடவை ஞாயித்துக்கெழமை. மில்லும் லீவு. அந்த ஜெர்மன்காரரையே விருந்துக்குக் கூப்புடுங்க. இந்த ஊட்டுல அவரு யாரைப் பாத்து ஷ்பீஸுங்கறாரோ, அவங்க சொன்னாப்புல முன் ரூம்பு. சரிங்களா?"

"சரி! அப்பறம் பேச்சு மாறக்கூடாது!"

"நானுங்களா மாறுவேன்?"

கெணத்துல விழற ஆடு இப்படித்தானுங்க துள்ளிக்கிட்டுப் போயிருக்கும்.

ஆடி பதினெட்டும் வந்துச்சு. விடியறக்கு முன்னாடியே சாந்தாமணி அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களோட பேரூர் ஆத்துக்குப் போயிட்டு வந்தா. ஆத்துல பொம்பளைங்க என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்குந் தெரியும், எனக்குந் தெரியும். ஆனா அன்னிக்கு எனக்கு எங்கீங்க அது நெனப்பு? நான் காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டிருந்தேன். மீசைக்கு எண்ணெய் போட்டு முறுக்கு சுத்தறாப்புல சுத்துனேன். கயித்தைத் தோள்ள மாட்டி, அவுந்துரக்கூடாதுன்னு ஊக்கு வேற குத்திக்கிட்டேன்.

உள்ள அரிசிம்பருப்புச் சோறு, நெய்யி, ஒப்புட்டு, தேங்காப்பால். வாசனை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போச்சு. பாயும் வந்துட்டாரு. கடைசியா டீட்டர் வந்தான். முழுக்கை வெள்ளைச் சட்டை. கையில பூ வேற.

நான் முன் ரூம்புல கட்டுலுக்குப் பக்கத்துல வெறப்பா நின்னேன். இது என்ற ஸ்டெல்லுங். உசுரு போனாலும் உட்டுக் குடுக்கக்கூடாது.

"அக்டுங்!"

டீட்டர் டக்குனு நின்னான். குதிகாலை ஒண்ணாச் சேத்தான். படார்னு சத்தம். பட்டாளத்துல இருந்தவன் பட்டாளத்துல இருந்தவந்தானுங்க! நான் மார்பைத் தூக்குனேன். கயித்தைக் கொஞ்சம் முன்னாடி இழுத்து உட்டுக்கிட்டேன்.

அவன் என்னையப் பாக்கலை. எனக்கு அக்கட்டால பாக்கறான்.

சமையக்கட்டு நெலைல சாந்தாமணி நிக்கறா. ஒரு கையில கரண்டி. இன்னொரு கை இடுப்புல. கழுத்துல, அன்னிக்குக் காலைல ஆத்தங்கரைல மாத்துன புதுத் தாலிக்கயிறு. மஞ்சத் தேச்ச மஞ்சக் கயிறு! பளபளன்னு மின்னுது. அதுக்கு முன்னாடி என்ற நைலான் கயிறு சீக்கு வந்த பாம்பாட்டம் தொங்குது.

டீட்டர் அவளுக்கு ஒரு சல்யூட் அடிச்சானுங்க.

"ஷ்பீஸ்!" அப்படின்னான். அப்பறம் நெஞ்சுல கை வெச்சுக்கிட்டு, "முட்டெர் டெர் கொம்பனீ!"

எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு.

"கேட்டியா அம்மணி! கேட்டீங்களா பாய்! உன்னைய முட்டாள்ங்கறான்! கம்பெனிக்கே முட்டாளாம்!"

"முட்டாள் இல்லீங்க, முட்டெர்"னா சாந்தாமணி, கரண்டியைக்கூடக் கீழ எறக்காம. "முட்டெர்னா அம்மா. ஷ்பீஸுக்குச் சிப்பாய்ங்க வெச்சிருக்கற பேரு அதுதானுங்க. பட்டாளத்துக்கே அம்மா. எல்லாருக்கும் சோறு போடறது, படுக்கை சொல்றது, அதட்டறது, ஆறுதல் சொல்றது, அத்தனையும் அவருதானுங்களே? அதனால அம்மா."

"யா, யா! அதுதான் அந்தப் பேரு! நான் சொன்னது, நீ கம்ப்ரசர் போட்டது!"ன்னான் டீட்டர்.

நான் சாந்தாமணி பக்கம் திரும்புனேன்.

"உனக்கு... உனக்கெப்படி இது தெரியும்?"

"மழைக்கு முன்னாடி ஒரு நா மத்தியானம் இவரு வண்டி நெசமாவே பஞ்சர் ஆகி உங்களைத் தேடி இங்க வந்தாருங்க. நீங்க அந்தக் கட்டுல்லதான் தூங்கிட்டிருந்தீங்க. எழுப்புனேன். 'பஞ்சர்னா பொழுதோட வரச் சொல்லு'ன்னு திரும்பிப் படுத்துட்டீங்க. வெய்யில்ல நிக்க உட முடியுங்களா? மோரு குடுத்தேன். அவங்கம்மாவுக்கு வயசாயிப்போச்சாமுங்க, பேசோணும்னா டவுனுக்குப் போயி வரிசைல நிக்கோணும், இவரு மொறை வர்றக்குள்ள பூத்தைச் சாத்திர்றாங்கன்னு சொன்னாரு. அன்னிக்குத்தானுங்க எனக்கு போன் பூத்து வெக்கலாம்னு ரோசனையே வந்துச்சு. அப்படியே பட்டாளத்துக் கதையெல்லாம் சொன்னாரு. கயிறு, பேரு, எல்லாமே."

பாருங்க அநியாயத்தை! நான் தூங்குன தூக்கமே என்ற கட்டுலைத் தூக்கிருச்சு!

"அப்ப எல்லாந் தெரிஞ்சுக்கிட்டேதான் என்னையப் பேச உட்டியா? இது துரோகமில்லையா?"

"துரோகம் இல்லீங்க. இதுக்கும் அவங்க பாஷைல ஒரு பேரு இருக்குதுங்க. 'ஔஃப்க்ளேருங்.' சண்டைக்கு முன்னாடி வேவு பாக்கறது. பாருங்க, அதுவும் 'ங்'குலதான் முடியுது. நம்ம பாஷைதானுங்களே?"

பாய் துண்டை வாயில வெச்சுக்கிட்டாரு. தோளு மட்டும் குலுங்குது.

எனக்கு ஒரே ஒரு மிச்சம் இருந்துச்சு. அதைப் புடிச்சுக்கிட்டேன்.

"சரி, அவ ஷ்பீஸாவே இருக்கட்டும். நான் பன்ஸர்ஷூட்ஸெ! இவரே குடுத்த பட்டம்! அது ஷ்பீஸுக்கு மேலயா, கீழயா? சொல்லுங்க சார்!"

டீட்டர் பூவைப் பாத்தான். கூரையைப் பாத்தான். ஒப்புட்டைப் பாத்தான்.

"நீங்க சொல்லுங்க தங்கச்சி"ன்னாரு பாய்.

"கீழதானுங்க. டாங்கிப் படைல புதுசாச் சேர்ற சிப்பாய்க்கு அதுதான் பேரு. இருக்கறதுலயே கடைசி."

"கடைசின்னா?"

"அதுக்குங் கீழ டாங்கியோட செயின்தானுங்க."

டெக்குங்! ஆனா எங்கீங்க பதுங்கறது? முன் ரூம்பே போச்சே!

இதோட உட்டாளா? "சகாயம், எடுத்துட்டு வாப்பா"ன்னா. கதவுக்குப் பின்னாடியிருந்து சகாயம் வாரான். கையில போர்டு. மஞ்ச போர்டு, கறுப்பு எழுத்து. எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. ஒரு எழுத்துத் தப்பில்லை. எனக்கு எழுதுனப்ப மட்டும் கண்ணு எங்கீங்க போச்சு அவனுக்கு?

"டேய், எப்படா எழுதுன?"

"பெயிண்டு காஞ்சே ரெண்டு வாரமாச்சுங்கண்ணா."

அப்ப நான் கயிறு வாங்கறக்கு முன்னாடியே போர்டு காஞ்சுருச்சு. இல்லாத எடத்துக்கு நான் காவல் நின்னிருக்கேன்.

லைனு வந்துச்சு. கட்டுலு பொடக்காளிக்குப் போச்சு. என்ற மஞ்ச நைலான் கயித்துல இப்ப அவ சீலை காயுது. மொதப் போனு டீட்டர்தான் போட்டான். நான் தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல ஒரு சொவத்துக்கு அக்கட்டால படுத்திருக்கேன். 'முட்டெர்'னு ஆரம்பிச்சான். அப்பறம் மூக்கு உறிஞ்சறது மட்டும் கேக்குது. பட்டாளத்துல இருந்தவன் அழறான். சரி போ, உன்னாலதான்டா எனக்கு இந்தக் கொசுக்கடின்னு திட்டலாம்னு வாயெடுத்தேன். முடியலை. கொசுவை அடிச்சுக்கிட்டேன்.

அன்னிலிருந்து, கண்ணசந்தா போதும், முன்னாடியிருந்து சத்தம் வரும்.

"பன்ஸர்ஷூட்ஸெ! அக்டுங்குங்க! ரெண்டு குடம் தண்ணி எடுத்தாங்க!"

பாருங்க, அதுலயும் 'ங்க' போடறா. மரியாதை தெரிஞ்சவ. எந்திரிச்சுப் போறனுங்க. வேற என்ன பண்றது?

கதை முடிஞ்சுது. எங்கீங்க எந்திரிக்கறீங்க? இவ்வளவு நேரம் வாய் வலிக்கச் சொல்லியிருக்கேன், சும்மாவா? ஆளுக்கொரு கூலி வெச்சுப்போட்டுத்தான் நகரோணும். வண்டி வெச்சிருக்கறவங்க பஞ்சராக்கிட்டு வாங்க, இல்லாதவங்க என்ற ஊட்டு பூத்துல ஊருக்கு ஒரு போன் போட்டுட்டுப் போங்க. ஆனா காசை மட்டும் என்ற கையில குடுத்துராதீங்க. அங்க மஞ்சக் கயிறு போட்ட அம்மா இருக்காங்க, அவங்ககிட்டக் குடுங்க. பன்ஸர்ஷூட்ஸெ காசைத் தொடக்கூடாதாமுங்க.